விளையாட்டு இதழியல் படிக்கப் போய் நான் கட்டிய விலை

எங்கள் கல்லூரியின் கையேட்டில் ‘விளையாட்டு இதழியல் பட்டப்படிப்பு’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து என் கைக்கு வந்த பட்டச் சான்றிதழில் ‘விளையாட்டு’ என்ற சொல்லே இல்லை, ‘பி.ஏ. இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல்’ என்று மட்டுமே இருந்தது. இந்த இரண்டு தாள்களுக்கும் இடையில் எங்கள் வீட்டிலிருந்து போன தொகை 2,02,500 ரூபாய். இதில் ஒரு பகுதியையாவது மிச்சப்படுத்தியிருக்க முடியும் என்பது எனக்குத் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் எச்சரித்துச் சொல்லவும் யாரும் இல்லை. சேலம் பக்கத்திலிருந்து இதே படிப்பைத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவருக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ முடித்தது பொதுத்தேர்வே நடக்காத 2021-இல். அந்த ஆண்டு சேலம் மாவட்டத்துப் பையன் எவனுக்கும் விளையாட்டைத் தவிர வேறு பேச்சு இருந்திருக்க முடியாது. ஜனவரியில் சின்னப்பம்பட்டி நடராஜன் பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டியில் களமிறங்கி, ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானவர் ஆனார். ஆகஸ்டு கடைசியில், 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற பெரியவடகம்பட்டி மாரியப்பன், டோக்கியோ பாராலிம்பிக்கில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். அவர் வென்ற அதே வாரத்தில்தான் நான் கட்டணம் கட்டினேன். இவர்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதியதையெல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். அடுத்த முறை இங்கிருந்து ஒருவர் எழும்பும்போது அதை எழுதுபவன் நானாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் வளர்ந்திருந்தது. அந்த ஆசை தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. கையேட்டின் அட்டையைப் பார்த்தவன் உள்ளே புரட்டிப் பார்க்காமல் போனதுதான் தவறு.

ஆண்டுக் கட்டணம் 52,000 ரூபாய். அதற்கு மேல் ‘விளையாட்டு ஊடகக் கூடம்’ என்ற பெயரில் 12,000 ரூபாய். அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கூலிக்குப் பற்றவைப்பவர். நாள் முழுவதும் வெள்ளியோடு இருப்பவர் வீட்டில் தங்கம் என்று இருந்தது அம்மாவின் இரண்டு வளையல்கள் மட்டுமே. அவற்றைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்ததோடு பட்டறையிலும் முன்பணம் வாங்கித்தான் முதல் ஆண்டுக் கட்டணம் கட்டினோம். பணம் கட்டிய அன்றே அலுவலகத்தில் என் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களின் அசல்களையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்று நினைத்து நானும் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் மூன்றாம் வாரத்தில், ஒரு பேராசிரியர் வராத மணி நேரத்தில், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எங்கள் பாடத்திட்டத்தை முதன்முதலாக இறக்கிப் படித்தேன். ஆறு பருவங்களுக்கும் சேர்த்து விளையாட்டு இதழியல் என்று இருந்தது ஒரே ஒரு தாள். அதுவும் ஐந்தாம் பருவத்தில், விருப்பப் பாடமாக. போதிய பேர் கேட்டால்தான் அதை நடத்துவார்கள் என்று மேல்வகுப்பு அண்ணன் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ‘ஊடகக் கூடம்’ என்பது பூட்டிய அலமாரிக்குள் இருந்த இரண்டு கேமராக்கள். அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது, எதிரே அப்பாவின் விரல் நுனிகளில் இருந்த தீக்காயத் தழும்புகளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டது நினைவிருக்கிறது. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு துணிந்து அலுவலகத்தில் போய், படிப்பை விட்டுவிடுகிறேன், பணத்தையும் சான்றிதழ்களையும் தாருங்கள் என்று கேட்டேன். பணம் ஒரு ரூபாய் கூடத் திரும்பாது, மீதி இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழ்கள் கிடைக்கும் என்றார்கள். நான் அதை நம்பினேன்.

அதை நம்பியதுதான் இந்தக் கதையிலேயே விலை உயர்ந்த பிழை. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரிலேயே இது பற்றி விதி வகுத்திருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் அல்லது அதற்கும் முன்பாக விலகினால், சிறிய நடைமுறைச் செலவு போக முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அந்தப் பதினைந்து நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசித் தேதி கடந்து பதினைந்து நாள் வரை 80 விழுக்காடு. முப்பது நாள் வரை 50 விழுக்காடு. அதன் பிறகு எதுவும் இல்லை. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே மாணவரிடம் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான சுற்றறிக்கைகளும் வருவதுண்டு. நான் சேர்ந்த 2021, கொரோனா காலம் என்பதால், அப்படிப்பட்ட ஓர் ஆண்டு: அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும், டிசம்பர் 31 வரை விலகியவர்களுக்கு 1,000 ரூபாய்க்கு மிகாத பிடித்தத்துடன் மீதித் தொகையும் தர வேண்டும் என்று யுஜிசி அறிவித்திருந்தது. நான் அலுவலக வாசலில் நின்றது டிசம்பர் முதல் வாரம். அன்று கைபேசியில் அந்த அறிவிப்பு இருந்திருந்தால் 63,000 ரூபாயைக் கேட்டு வாங்கியிருக்க முடியும். அதை முதன்முதலாகப் படித்தது 2024-இல், வேறு ஏதோ தேடப் போய். ஆகவே நீங்கள் சேரும் ஆண்டுக்கான கட்டணத் திருப்பல் சுற்றறிக்கையைச் சேர்வதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வாயால் கேட்காமல் எழுத்தில் விண்ணப்பித்து, தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். தரவில்லை என்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யலாம். அந்த ஒப்புகைத் தாள் இல்லாமல் புகாருக்கு வலு இருக்காது.

இப்படியாகப் படிப்பைத் தொடர்ந்தேன். கல்லூரி கற்றுத் தராததை நானே கற்றுக்கொள்வேன் என்ற வீம்பு ஒரு பக்கம். எப்படிக் கற்பது என்று தெரியாத திகைப்பு மறுபக்கம். இந்தத் திகைப்பை மோப்பம் பிடிப்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில், ஒரு வார இதழின் ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டவர், ‘பிரஸ்’ என்று சிவப்பில் அச்சிட்ட அட்டை ஒன்றை 2,500 ரூபாய்க்குத் தந்தார். எந்த மைதானத்திலும் இது செல்லும் என்றார். 2023-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டி மைதானத்தில் நடந்தபோது, சலவைச் சட்டையும் கழுத்தில் அந்த அட்டையுமாக ஆத்தூர் பேருந்தில் ஏறிப் போனேன். வாயிலில் இருந்தவர் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தன் கையில் இருந்த பட்டியலில் என் பெயரைத் தேடினார். “லிஸ்ட்ல இல்லையே தம்பி. டிக்கெட் இருந்தா அந்தப் பக்கம் போங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற குடும்பத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி, உள்ளே எழுந்த ஆரவாரத்தைச் சாலையோரத்தில் நின்று சற்று நேரம் கேட்டுவிட்டு, திரும்பும் பேருந்தில் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இந்த அனுமதி எப்படிக் கிடைக்கிறது என்பதை மூன்று ஆண்டுகளில் ஒரு வகுப்பில்கூடச் சொல்லவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன். பெரிய தொடர்களில் அனுமதி அட்டையைப் போட்டியை நடத்தும் அமைப்பு வழங்கும். தொடர் தொடங்குவதற்கு முன்பே, செய்தி நிறுவனம் தன் பெயர் அச்சிட்ட கடிதத் தாளில் இன்னார் வருகிறார் என்று பெயர் கொடுத்து விண்ணப்பித்திருக்க வேண்டும். நிருபருக்கு ஒன்று, புகைப்படக்காரருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஒளிபரப்பு உரிமையை விற்றிருப்பார்கள் என்பதால், உள்ளே போன நிருபரும் ஆட்டத்தைக் காணொளி எடுத்து வெளியிட முடியாது. அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை தரும் அங்கீகார அட்டை வேறு வகை. அதுவும் நிறுவனத்தில் பணி செய்பவர்களுக்கானது. காசு கொடுத்து மாணவன் வாங்கும் எந்த அட்டையும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வழியில்லை. அதே ஆண்டில் 8,000 ரூபாய் கட்டி ஒரு ‘விளையாட்டுச் செய்தித் தளத்தில்’ இரண்டு மாத உள்ளிருப்புப் பயிற்சியும் செய்தேன். மற்றவர்கள் எழுதியதைச் சொல் மாற்றி எழுதுவதுதான் பயிற்சி. வேலை செய்பவனுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்க, வேலை வாங்குவதற்கும் அவனிடமே பணம் கேட்கும் இடத்தில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது என்பதை அப்பாவின் பட்டறையைப் பார்த்து வளர்ந்த எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஏமாந்தேன்.

உண்மையான படிப்பு தொடங்கியது ஒரு மாவட்ட லீக் கிரிக்கெட் ஆட்டத்தில். அங்கே வாயிலும் இல்லை, பட்டியலும் இல்லை. வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஸ்கோரர் உட்கார்ந்திருப்பார், யார் வேண்டுமானாலும் பக்கத்தில் நிற்கலாம். ஆட்டம் முடிந்ததும் ஒன்றரைப் பக்கத்துக்கு வருணனையாக எழுதி, ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்புக்குக் கைபேசியிலேயே அனுப்பினேன். அரை மணியில் துணை ஆசிரியர் அழைத்தார். டாஸ் வென்றது யார் என்று கேட்டார், தெரியவில்லை. மொத்தம் எத்தனை ஓவர் ஆட்டம் என்றார். 25 அல்லது 30 என்றேன். “ரெண்டு அணியிலயும் கார்த்திக் இருக்கான், நாலு விக்கெட் எடுத்தது எந்தக் கார்த்திக்? முன்னெழுத்து என்ன?” என்றார். நான் பேசாமல் இருந்தேன். “சாயங்கால வெயில் மஞ்சளாச் சாய்ஞ்சதை எழுதியிருக்கீங்க தம்பி, யாரு ஜெயிச்சாங்கன்னு ஆறாவது பாராவுல இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பில் யாரும் எனக்கு இவ்வளவு பயனுள்ள நான்கு நிமிடங்களைத் தந்ததில்லை.

அடுத்த வாரம் முதல் ஆட்டம் தொடங்க அரை மணி முன்பே போனேன். இரு அணிகளின் பெயர்ப் பட்டியலையும் முன்னெழுத்து, ஊர் சகிதமாகப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒலிப்பில் ஐயம் இருந்தால் ஆட்டக்காரரிடமே கேட்டேன். நாற்பது ரூபாய்க்கு ஒரு ஸ்கோர் புத்தகம் வாங்கி, அந்த ஸ்கோரர் அருகில் அமர்ந்து பந்துக்குப் பந்து நானும் குறிக்கத் தொடங்கினேன். ஓட்டமில்லாப் பந்துக்குப் புள்ளி, வைடுக்குக் கூட்டல் குறி, நோபாலுக்கு வட்டம். பேனாவில் குறித்தால் மழைத் தூறலில் கரைந்துவிடும் என்று பென்சில் எடுத்து வரச் சொன்னார். எனக்கு அவர் வைத்த தேர்வு ஒன்று உண்டு. அந்த 2023 ஜூனில், கோவையில் நடந்த தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டத்தில், சேலம் அணி கடைசிப் பந்து ஒன்றுக்கு 18 ஓட்டங்கள் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். அதைப் புத்தகத்தில் குறித்துக் காட்டச் சொன்னார். ஆட்டக்காரரின் ஸ்டம்பைப் பெயர்த்த பந்து நோபால், 1. அடுத்த நோபாலில் சிக்சர், 7. மறுபடி நோபாலில் இரண்டு ஓட்டம், 3. ஒரு வைடு, 1. கடைசியில் முறையான பந்தில் சிக்சர், 6. இதைச் சரியாகக் கட்டத்துக்குள் அடக்க எனக்கு மூன்று தாள்கள் ஆயின. குறிக்கத் தெரிந்த பிறகு பார்த்தால், அந்த ஓவரைப் பற்றிய செய்தியின் முதல் வரி தானாகவே கண்ணில் படுகிறது.

கிரிக்கெட்டோடு நின்றுவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மாவட்டப் பதிப்புக்குத் தேவைப்படுவது கபடி, கைப்பந்து, பள்ளித் தடகளம், தை மாதமானால் கூலமேடு ஜல்லிக்கட்டு. ஒவ்வொன்றிலும் பிழை விழும் இடம் வேறு. கபடியில் எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் புள்ளி என்பது தெரியாமல் நடுவரைக் குறை சொல்லி எழுதி, எழுதியதை நானே கிழித்திருக்கிறேன். காந்தி விளையாட்டரங்கில் நூறு மீட்டர் ஓட்டத்தை முந்தைய சாதனையோடு ஒப்பிட்டு எழுதப் போனவனை ஒரு பயிற்சியாளர் நிறுத்தி, கைக்கடிகாரத்தில் எடுத்த நேரமா, மின்னணுக் கருவியில் எடுத்ததா, காற்றின் வேகம் அளந்தார்களா என்று கேட்டார். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த நேரம் சாதனையாக ஏற்கப்படாது. மாரியப்பனைப் பற்றிய என் வகுப்புக் கட்டுரையிலும், மாற்றுத்திறனாளி வீரர்களுக்கான போட்டிப் பிரிவின் பெயர் ரியோவில் டி42 என்றும் டோக்கியோவில் டி63 என்றும் மாறியதைக் கவனிக்காமல் எழுதியிருந்தேன். அதற்கு எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் கிடைத்தது என்பதிலிருந்து எங்கள் வகுப்பின் நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

சேர்வராயன் மலைக் கிராமங்களின் கைப்பந்துப் போட்டிக்குப் போனது தனி வேதனை. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அங்கிருந்து ஒரு சரக்கு வண்டியில் இன்னும் உள்ளே போனேன். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் செம்மண் தளம். பந்து சரிவில் உருண்டால் மூன்று பையன்கள் ஓடிப்போய் எடுத்து வருவார்கள். அருமையான இறுதி ஆட்டம், ஐந்தாவது செட்டில் 15-13. செய்தி ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஆறு மணிக்கு எழுதி முடித்துவிட்டேன். கைபேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. பனி இறங்கிய பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து, சிக்னல் கிடைத்த மேட்டில் நின்று அனுப்பியபோது மணி ஏழே முக்கால். பக்கம் முடிந்துவிட்டது. கடைசிப் பேருந்தும் போய்விட்டது. ஒரு தேநீர்க் கடைக்காரர் பெஞ்சில் படுக்கவிட்டார். அன்றிலிருந்து வெளியூர் ஆட்டமென்றால் போன உடனே சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன். அரையிறுதி முடிந்ததுமே பாதிச் செய்தியை அனுப்பிவிட்டு, இறுதி முடிவை ஒரு வரியில் தொலைபேசியில் சொல்கிறேன்.

ஐந்தாம் பருவத்தில் அந்த விருப்பப் பாடம் நடக்கவில்லை; விளம்பரத் துறை பற்றிய பாடம் நடந்தது. கடைசி ஆண்டில் வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர் ஒருவர் பிரிட்டனில் இதே படிப்பு இருக்கிறது என்று கையேடு கொடுத்தார். போகும் வசதி எனக்கு இல்லை. ஆனால் அதைப் படித்தது வீண்போகவில்லை. அங்கே என்சிடிஜே என்ற அமைப்பு இதழியல் படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கிறது. அதன் பாடங்களில் ஊடகச் சட்டம் இருக்கிறது, விளையாட்டுச் செய்திக்கென்று தனிப் பாடமும் இருக்கிறது, நிமிடத்துக்கு நூறு சொல் சுருக்கெழுத்தை உயர்ந்த தரமாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு படிப்பு விளையாட்டு இதழியல்தானா என்று எப்படிப் பார்ப்பது என்பதை அந்தக் கையேடுதான் எனக்குக் காட்டியது. இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: பல்கலைக்கழகத் தளத்தில் ஆறு பருவப் பாடத்திட்டத்தையும் இறக்கி, ‘விளையாட்டு’ என்ற சொல் எத்தனை தாள்களில் வருகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்று எழுத்தில் கேளுங்கள். கடைசி ஆண்டு மாணவர் ஒருவரைக் கல்லூரிக்கு வெளியே சந்தித்து, அவர் பெயரில் வெளியான செய்திகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால், செலவு குறைந்த அரசுக் கல்லூரியில் தமிழோ வரலாறோ படித்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் மைதானத்துக்குப் போவதே மேல். துணை ஆசிரியர் யாரும் இதுவரை என்னிடம் பட்டத்தைக் கேட்டதில்லை, வெளியான செய்திகளைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

2024 கோடையில் நிலுவை இல்லை என்ற தாளில் கையெழுத்துகள் வாங்கிய பிறகே அசல் சான்றிதழ்களைத் தந்தார்கள். பிளஸ் டூ பட்டியலின் மூலையில் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்து, முதல் இலக்கத்தின் மேல் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தது. இப்போது அதே மாவட்டப் பதிப்புக்குச் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதுகிறேன். நல்ல மாதத்தில் ஆறாயிரம் வருகிறது, மற்ற மாதங்களில் பட்டறையில் அப்பாவுக்கு உதவியாக உட்கார்கிறேன். போன ஆடியில் ஒரு வளையலை மீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். இன்னொன்றுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.